காசல்ரீயிலிருந்து களனி முகம் வரை: சேற்று நுண்ணங்கிகளை வைத்து மாசைப் பிடிக்க முடியுமா?

பொகவந்தலாவை_பசுமை
வணக்கம். ஒரு சின்ன ஆய்வுக்குத் திட்டம் போடுறோம். கெசல்கமு ஓயா பொகவந்தலாவைத் தோட்டங்களுக்கு நடுவால வந்து, நோர்வூட் தாண்டி காசல்ரீ நீர்த்தேக்கத்துல விழுது. பிறகு நோட்டன் நீர்த்தேக்கம், கீழே மஸ்கெலி ஓயாவோட சேர்ந்து களனி கங்கையாகி முகத்துவாரத்துல கடல். லயத்துக் கான் (தொழிலாளர் குடியிருப்பு வடிகால்) தண்ணி, உரம், செப்பு மருந்து எல்லாம் இந்த வழியாத்தான் போகுது.

யோசனை இதுதான்: காசல்ரீ, நோட்டன், கித்துல்கல, களனி முகம், கரைக்கு வெளியே கடல் என்று 5 இடத்துல சேறு எடுத்து, 16எஸ் மரபணு (எந்தப் பற்றீரியா என்று காட்டுற மரபணு) வரிசை பார்த்து, மலைநாட்டு மாசு கடற்கரைச் சேற்று நுண்ணங்கிகளை எப்படி மாத்துது என்று காட்டுறது. காசு 24 மாதிரிக்குத்தான் காணும். எத்தனை இடம், எத்தனை ஆழம், சேறு எடுக்க என்ன குழாய் என்று அனுபவமுள்ளவங்க சொல்லுங்க.

சேற்றடி
தம்பி, குழாயைப் பிறகு பார்ப்போம். இந்தத் திட்டப்படி போனால் விடை இப்பவே தெரியும்: காசல்ரீச் சேறும் கடற்சேறும் முற்றிலும் வேற என்று வரும். காரணம் மாசு இல்லை, உப்பு.

கடல்நீர்ல சல்பேற்று லீற்றருக்கு ஏறக்குறைய 28 மில்லிமோல். மலைநாட்டு நன்னீர்ல அதுல நூத்துல ஒரு பங்கும் இருக்காது. சேத்துக்குள்ள ஒட்சிசன் மேல் சில மில்லிமீற்றரிலேயே முடிஞ்சுரும். அதுக்குக் கீழே நுண்ணங்கிகள் ஒட்சிசனுக்குப் பதிலா நைத்திரேற்று, மங்கனீசு, இரும்பு, சல்பேற்று என்று ஒழுங்காப் பாவிச்சு இறங்கும், கடைசியா மெதேன் உண்டாகும். கரையோரக் கடற்சேற்றில உக்கும் சேதனப் பொருள்ல பாதியளவை சல்பேற்றைத் தாழ்த்துற பற்றீரியாக்கள்தான் முடிக்குது. காசல்ரீல சல்பேற்று சீக்கிரம் தீர்ந்துபோறதால அந்த வேலை மெதேன் ஆக்கிகளுக்குப் போகும். 5 இடத்தையும் ஒரே வரைபடத்துல போட்டால் நன்னீர் ஒரு மூலை, கடல் மறு மூலை. அதை "மாசின் விளைவு" என்று எழுதினால் முதல் மதிப்பாய்விலேயே திருப்பி அனுப்பிருவாங்க.

ரெண்டாவது, நடுவுல அணைகள் இருக்கு. காசல்ரீயும், மஸ்கெலி ஓயாவில உள்ள மவுசாக்கலை நீர்த்தேக்கமும் வண்டலைப் பிடிச்சு வைக்கிற தொட்டிகள். அதுக்குக் கீழே நோட்டன், கென்யன், லக்ஷபான. செம்பு வண்டலோட ஒட்டிக்கிட்டுத்தான் பயணம் செய்யும், ஆகவே பெரும் பங்கு மேலேயே தங்கிரும்.

ஒரு ஆய்வை ரெண்டா உடைங்க. (1) காசல்ரீக்குள்ளேயே: ஆறு விழுற முனைக்கும் அணைப் பக்கத்துக்கும் ஒப்பீடு. (2) கரையோரத்துல: களனி முகத்துக்கு முன்னால உள்ள சேற்றுக்கும், அதே மணல்–சேறு விகிதமுள்ள தூர இடத்துக்கும் ஒப்பீடு. ரெண்டையும் ஒண்டோட ஒண்டு ஒப்பிட வேணாம்.

பொகவந்தலாவை_பசுமை
நன்றி அண்ணே. ஆனா அப்படி உடைச்சால் மலைக்கும் கடலுக்கும் உள்ள தொடர்பு என்ற கதையே போயிருதே? அணை எல்லாத்தையும் பிடிக்கும் என்று சொல்ல முடியுமா?

கொழுந்துச்சாக்கு
எல்லாத்தையும் பிடிக்காது. கரைஞ்ச நைத்திரேற்று அணையைத் தாண்டிப் போகும். பொசுபரசு அப்படி இல்லை, இரும்பு ஒட்சைட்டோட ஒட்டி அடியில உக்காரும். ஆனா நீர்த்தேக்கத்தின் அடிநீர்ல ஒட்சிசன் தீர்ந்ததும் இரும்பு தாழ்த்தப்பட்டுக் கரையும், பொசுபரசும் கூடவே வெளியே வரும். மேலேயிருந்து புது உரம் வராவிட்டாலும் பழைய சேறே பல வருசத்துக்குப் பாசிக்குத் தீனி போடும். கண்டி வாவி, கிரகரி வாவிப் பேச்சு வரும்போது பல பேர் மறக்கிற விசயம் இது.

செப்புக்கு வருவோம். தேயிலைக் கொப்புள நோய் 1946ல இலங்கைக்கு வந்தது. அதுக்குப் பிறகு உயர்நிலத் தோட்டங்கள்ல செப்புக் கலந்த பூஞ்சணநாசினி வழக்கமாச்சு. செம்பு உக்கி அழியாது, மண்ணோட அரிச்சுக்கிட்டுத்தான் வெளியேறும். அதனால காசல்ரீச் சேற்று அடுக்குகள்ல செம்பைப் பார்க்கிறது நல்ல யோசனை. எண்களை வாசிக்க நன்னீர்ச் சேற்றுக்கு உலர்நிறைல கிலோவுக்கு 31.6 மி.கி. கீழ் எல்லை, 149 மி.கி. மேல் எல்லை என்று எடுக்கிறது வழக்கம். கீழ் எல்லைக்குள்ள இருந்தால் பாதிப்பு அரிது, மேல் எல்லையைத் தாண்டினால் பாதிப்பை எதிர்பார்க்கலாம். கடற்சேற்றுக்கு அளவுகோல் வேற: செம்புக்கு 34, 270. ஒண்டை மத்ததுல பாவிக்க வேணாம்.

இன்னொரு விசயம், மொத்தச் செம்பு நுண்ணங்கிக்குத் தெரியாது. கந்தகத்தோட சேர்ந்து செப்புச் சல்பைட்டாப் போனது கிட்டத்தட்டப் பூட்டின செம்பு. அமிலத்துல ஆவியாகும் சல்பைட்டை அளந்து, கூடவே அதே அமிலத்துல கரையும் உலோகத்தை அளந்தால்தான் மிச்சம் எவ்வளவு சுதந்திரமாக இருக்கு என்று தெரியும். நன்னீர்ல சல்பைட்டு குறைவு, அங்கே செம்பைப் பிடிக்கிறது பெரும்பாலும் சேதனப் பொருள். ஆகவே 200 மி.கி. செம்புள்ள கறுத்த சேற்றை விட 80 மி.கி. உள்ள மெலிஞ்ச மண்ணில பாதிப்புக் கூடலாம்.

களனிமுகம்
கடல் பக்கத்தை நான் சொல்றேன்.

ஆத்து முகத்துல நன்னீர் மேலேயும் உப்பு நீர் அடியிலேயும் ஆப்பு மாதிரி ஏறும். வறட்சிக் காலத்துல அது அம்பத்தலையில குடிநீர் எடுக்கிற இடம் வரைக்கும் தலையிடியாகிறது தெரிஞ்ச விசயம். அந்த எல்லையில நுண்களி ஒண்டோட ஒண்டு ஒட்டித் திரண்டு விழும். உலோகமும் சேதனமும் அதோட விழும். அதனால "மாசு கூடின இடம்" என்று தெரியிறது பல நேரம் வெறும் "களி கூடின இடம்"தான். 63 மைக்ரோமீற்றர் சல்லடையில ஈரமாக அரிச்சு நுண்பகுதி எத்தனை வீதம் என்று எடுக்காம ஒரு உலோக எண்ணையும் ஒப்பிடாதீங்க. அலுமினியத்தால வகுத்துச் சீராக்கினால் இன்னும் நல்லது.

மலைநாட்டை மட்டும் குத்தவாளிக் கூண்டுல ஏத்துறதும் சரியில்ல. அணைகளுக்குக் கீழே சீதாவக்கை கங்கை, குருகொட ஓயா சேருது, யட்டியாந்தோட்டை, அவிசாவளைப் பக்கம் றப்பர், பிறகு பியகம கைத்தொழில் வலயம், கடைசியில கொழும்புக் கால்வாய்கள். முகத்துவாரத்துச் சேற்றில மலக்கழிவுப் பற்றீரியா வந்தால் அது நோர்வூட்டிலயிருந்து வந்தது என்று யாரும் நம்ப மாட்டாங்க, நானும் நம்ப மாட்டேன்.

ஒப்பீட்டு இடத்தை வடக்கே வத்தளை–நீர்கொழும்புப் பக்கம் தெரிவு செய்யும்போது கவனம். 2021 மே 20ல தீப்பிடிச்ச எக்ஸ்பிரஸ் பேர்ள் கப்பல்லயிருந்து ஏறக்குறைய 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் போன கரை அது. மணிகள் மிதந்து கரை மணல்லதான் கூட ஒதுங்கிச்சு, ஆனா எரிஞ்ச எச்சத்துல பல்வளைய ஐதரோகாபன்கள் (எரியும்போது உண்டாகிற நச்சுப் பொருள்கள்) உண்டு. அந்தப் பக்கத்தை "சுத்தமான இடம்" என்று பெயர் போட முடியாது.

நம்ம கரையில வற்றுப் பெருக்கு ஒரு மீற்றருக்கும் குறைவு. ஐரோப்பியக் கட்டுரைகள்ல வர்ற மாதிரி வற்றும்போது நடந்து போய் சேறு எடுக்கிற வெளி இங்கே இல்லை. படகு வேணும். களப்பும் கரையும் என்றால் கரையோரப் பாதுகாப்புத் திணைக்களம், கடல் என்றால் கடல் சூழல் பாதுகாப்பு அதிகார சபை, மேலே நீர்த்தேக்கம் என்றால் அதை நடத்துற மின்சார நிறுவனம். கடிதங்களை முதல்லயே போட்டு வையுங்க. மட்டக்குளியில நாராவோட (தேசிய நீர்வள ஆராய்ச்சி நிறுவனம்) சேர்ந்து செய்தால் பாதி வேலை முடிஞ்ச மாதிரி.

பொகவந்தலாவை_பசுமை
விளங்குது. இப்ப குழாய் விசயம். எக்மன் கவ்வி (அடிச்சேற்றை அள்ளுற பெட்டி) ஒண்டு இரவல் கிடைக்கும். அது போதாதா?

சேற்றடி
புழு பூச்சி எண்ண அது போதும். நுண்ணங்கிக்கு வேணாம். கவ்வி இறங்கும்போது முன்னால தள்ளுற நீர், மேல இருக்கிற பஞ்சு மாதிரியான படையை ஊதி விட்டுரும். நமக்கு முக்கியம் அந்த முதல் சென்டிமீற்றர்தான்.

குழாய்க்கு உள்விட்டம் 6 முதல் 7 செ.மீ., நீளம் 50 செ.மீ. அளவு, தெளிவான அக்ரிலிக். வெள்ளைப் பிவிசி பைப்பும் வேலை செய்யும், ஆனா உள்ளே என்ன நடந்தது என்று தெரியாது. கீழ் விளிம்பை வெளிப்பக்கமா அரத்தால சரிச்சு விடுங்க, உள்பக்கம் சரிச்சால் சேறு நெரிபடும். ரெண்டு றப்பர் அடைப்பான்.

ஆழம் குறைஞ்ச இடத்துல குழாயை நேரே, மெதுவா, முறுக்காம இறக்குங்க. மேல் அடைப்பானை இறுக்கி, மெல்ல இழுத்து, அடி வாய் நீரை விட்டு வெளியே வர முதலே கீழ் அடைப்பானைக் குத்துங்க. நீருக்கு வெளியே எடுத்த பிறகு அடைக்கப் பார்த்தால் எல்லாம் வழுக்கிக்கிட்டுக் கீழே போயிரும். நல்ல குழாய்க்கு அடையாளம்: சேற்றுக்கு மேல நிக்கிற நீர் தெளிவா இருக்கும், மேற்பரப்பு மட்டமா, மண்ணிற மெல்லிய தோலோட இருக்கும். கலங்கியிருந்தால் கொட்டிட்டு, ரெண்டு மீற்றர் தள்ளித் திரும்ப எடுங்க.

காசல்ரீக்கென்று ஒரு தொல்லை இருக்கு. ஆறு விழுற முனையில இலைகுழை கூட, ஆகவே மெதேன் வாயு கூட. குழாய் மேலே வர வர அமுக்கம் குறைஞ்சு குமிழ் பெருத்து அடுக்கைக் கிழிக்கும். அங்கே ஆழம் குறைஞ்ச இடத்துல எடுங்க, படகிலேயே அரை மணிக்குள்ள வெட்டி முடிங்க.

வெட்டுறதுக்கு: மேல் நீரை மெல்லிய குழாயால உறிஞ்சி எடுங்க, ஊத்தக் கூடாது. கீழே இருந்து தள்ளுகோலால ஒரு செ.மீ. ஒரு செ.மீ. ஆத் தள்ளி, மெல்லிய தகட்டால வெட்டுங்க. ஓரத்து அரை சென்டிமீற்றர் வளையத்தை வீசிருங்க, குழாய்ச் சுவர் மேல் சேற்றைக் கீழே இழுத்து வந்திருக்கும். நடுவுல நுனி வெட்டின 5 மி.லீ. சிரிஞ்சைக் குத்தி எடுத்தால் அதுதான் டி.என்.ஏ. மாதிரி. மிச்சம் உலோகத்துக்கும் சேதன அளவுக்கும். ஒவ்வொரு வெட்டுக்கும் தகட்டை 10 வீத பிளீச்சுல தோய்ச்சு, நல்ல நீர்ல கழுவித் துடைங்க. ஸ்பிரிட் செல்லைக் கொல்லும், டி.என்.ஏ.யை அழிக்காது.

பேராதனைப்பிப்பெட்
சேமிப்பைப் பத்தி ஒரு வார்த்தை. உலர்பனி கிடைச்சால் உடனே உறைய வையுங்க. கிடைக்காவிட்டால் ரெஜிபோம் பெட்டியில ஐஸ் போட்டு அன்றைக்கே ஆய்வுகூடத்துக்குக் கொண்டு வந்து மறை 80 பாகையில வையுங்க. நடுவழியில கடைக் குளிர்ப்பெட்டியில உறைய வச்சு, உருக விட்டு, திரும்ப உறைய வைக்கிறதுதான் மிக மோசம். செல் உடைஞ்சு டி.என்.ஏ. வெளியே வந்து நொதியத்தால அரிபடும். அதுவும் எல்லா இனத்திலயும் ஒரே மாதிரி உடையாது, அதனால விகிதமே மாறும்.

ஒண்டும் கிடைக்காவிட்டால் 95 வீத எதனோல், சேறு ஒரு பங்குக்கு எதனோல் நாலு பங்கு. சேத்துலயே நீர் நிறைய இருக்கிறதால ஒண்டுக்கு ஒண்டு போட்டால் செறிவு ஐம்பதுக்கு இறங்கிப் பிரயோசனமில்லாமப் போகும். பிரிச்செடுக்க முதல் சுழற்றி எதனோலை வடிச்சிருங்க.

டி.என்.ஏ. பிரிச்செடுக்கிறதுக்குப் பவர்சொயில் ப்ரோ மாதிரி, சின்ன மணிகளோட குலுக்கிச் செல்லை உடைக்கிற கிட் நல்லது. 0.25 கிராம் என்று கையேடு சொல்லும், ஆனா மேல் சென்டிமீற்றர் சேற்றில முக்கால்வாசி நீர். முதல்ல சுழற்றி நீரை எடுத்துட்டு நிறுங்க, இல்லாட்டி வெறும் நீரைத்தான் நிறுப்பீங்க. மலைநாட்டுச் சேற்றில ஹியூமிக் அமிலம் (உக்கின இலைகுழையில இருந்து வர்றது) அதிகம், கரைசல் தேயிலைச் சாயம் மாதிரி வரும். 260/230 விகிதம் (டி.என்.ஏ. எவ்வளவு சுத்தம் என்று காட்டுற ஒளி அளவு) ஒன்றுக்குக் கீழே இருந்தால் பி.சி.ஆர்.ல (டி.என்.ஏ.யைப் பெருக்குற முறை) பட்டையே வராமப் போகலாம். டி.என்.ஏ. இல்லை என்று முடிவு கட்ட முதல் 10 மடங்கு ஐதாக்கி ஓட்டுங்க, பி.எஸ்.ஏ. (தடையைக் குறைக்கிற ஒரு புரதம்) சேருங்க. பெரும்பாலும் வரும்.

வெற்று மாதிரி கட்டாயம். சேறே போடாம கிட்டை முழுசா ஓட்டி அதையும் வரிசைப்படுத்துங்க. கிட்டிலேயே கொஞ்சம் ரால்ஸ்டோனியா, பிராடிரைசோபியம் மாதிரிப் பற்றீரியாவின் டி.என்.ஏ. வரும். ஆழ அடுக்குல உயிர்த்திணிவு குறையும்போது அதுதான் "புது இனம்" மாதிரித் தலை காட்டும்.

மஸ்கெலியா_மிஸ்
24 மாதிரியை எப்படிப் பங்கு போடலாம்? ஒரு குழாயில 3 சிரிஞ்ச் எடுத்தால் அது 3 மீள்மாதிரியாகுமா சேர்?

பேராதனைப்பிப்பெட்
ஆகாது மிஸ். அது ஒரு குழாயை மூணு தடவை அளந்த மாதிரி. தனித்தனியா இறக்கின 3 குழாய் வேணும், ஒவ்வொன்றும் சில மீற்றராவது தள்ளி.

என் பங்கீடு: காசல்ரீல 2 பகுதி, பகுதிக்கு 3 குழாய், குழாய்க்கு 2 ஆழம் (0–1 செ.மீ., 8–9 செ.மீ.), மொத்தம் 12. கரையோரத்துலயும் அதே 12. வெற்று மாதிரி 2க்கு மேலதிகமாக் காசு கேளுங்க. தர மாட்டேன் என்றால் ஆழத்தை ஒரு இடத்துல விடுங்க, குழாய் எண்ணிக்கையில கை வைக்காதீங்க.

பொகவந்தலாவை_பசுமை
சரி, வரிசை வந்த பிறகு எந்தப் பற்றீரியாவைப் பார்த்து "இது மாசு" என்று சொல்லலாம்?

சேற்றடி
ஒரு பெயரைப் பார்த்துச் சொல்லவே முடியாது. நுண்ணங்கி முதல்ல காட்டுறது ஒட்சிசன் எவ்வளவு, சேதனம் எவ்வளவு, உப்பு எவ்வளவு என்பதை. மாசு அதுக்குப் பின்னால நிக்குது. அந்த மூணையும் அளந்து கழிச்ச பிறகு மிஞ்சுறதுதான் உங்க முடிவு.

இருந்தாலும் சில குறிகள் உண்டு. கடற்சேற்றுக்கு மேல வெள்ளை நூல் பாய் விரிச்சிருந்தால் பெகியடோவா, சல்பைட்டு மேற்பரப்புக்கே வந்துட்டது என்று அர்த்தம், சேதனச் சுமை அதிகம். எண்ணெய்க்கு, அதைத் தின்னுற அல்கனிவோராக்ஸ், சைக்ளோகிளாஸ்டிக்கஸ் பற்றீரியாக்கள். மனித மலத்துக்கு 16எஸ் பட்டியலை நம்பாம எச்.எஃப்.183 குறியை (மனிதக் குடல் பற்றீரியாவின் மரபணுத் துண்டு) அளவுப் பி.சி.ஆர்.ல (பிரதிகளை எண்ணுற பி.சி.ஆர்.) பாருங்க. ஈ.கோலை சேத்துல நீரை விடக் கன நாள் தங்கும், வெள்ளத்துல கிளறினால் திரும்ப நீருக்கு வரும். அதனால சேத்து ஈ.கோலை நேத்தைய கழிவா, போன மாசத்துக் கழிவா என்று பிரிக்க ஏலாது. மருந்து எதிர்ப்புக்கு ஐ.என்.டி.ஐ.1 மரபணு (எதிர்ப்பு மரபணுக்களைச் சேர்த்துக்கொள்ள உதவுற ஒண்டு) ஓரளவுக்கு நல்ல குறி, உலோகம் கூடின இடத்துலயும் ஏறும்.

கேபிள் பற்றீரியாவையும் தேடிப் பாருங்க. சென்டிமீற்றர் நீள நூல், கீழே சல்பைட்டுல இருந்து மேலே ஒட்சிசனுக்கு இலத்திரனைக் கடத்தும். 2012ல டென்மார்க் குழு ஒண்டு வெளியிட்டது. அது இருக்கிற சேத்துல ஒட்சிசனும் இல்லாத சல்பைட்டும் இல்லாத ஒரு இடைவெளி, செ.மீ. கணக்குல, மண்ணிறமாத் தெரியும். அதைப் பார்த்துட்டு "நல்ல காற்றோட்டமான சேறு" என்று எழுதிருவாங்க.

பேராதனைப்பிப்பெட்
இதோட ஒண்டு. வீதத்தை வீதத்தோட ஒப்பிடாதீங்க. ஒரு கிராம் சேத்துல மொத்தம் நூறு கோடி செல், அதுல செப்பைத் தாங்கும் கூட்டம் ஒரு கோடி என்று வையுங்க. அது 1 வீதம். செம்பு மத்ததைக் கொன்று மொத்தம் பத்துக் கோடியா இறங்கிச்சு, தாங்கும் கூட்டம் அசையவே இல்லை. இப்ப அது 10 வீதம். வரைபடத்துல பத்து மடங்கு பெருகின மாதிரித் தெரியும். மொத்த 16எஸ் பிரதிகளை அளவுப் பி.சி.ஆர்.ல எடுத்தால்தான் பெருகிச்சா, மத்தது செத்துச்சா என்று தெரியும். 24 மாதிரிக்கு ஒரு தட்டுப் போதும், பெரிய செலவில்லை.

செத்த செல்லின் டி.என்.ஏ.யும் களியில ஒட்டிக் கிடக்கும். ஆழ அடுக்குல இதை மறக்காம எழுதுங்க.

மஸ்கெலியா_மிஸ்
உயர்தரப் பிள்ளைகளுக்கு இதையே போத்தல்ல காட்ட முடியுமா? வரிசைக்கெல்லாம் பள்ளிக்கூடத்துல வழியில்லை.

கொழுந்துச்சாக்கு
விநோகிராட்ஸ்கி நிரல் (சேற்று நுண்ணங்கிகளைப் படைபடையா வளர்க்கிற போத்தல்) செய்யுங்க மிஸ். 1.5 லீற்றர் தெளிவான போத்தல் மூணு. ஒவ்வொன்றுக்கும் மூணுல ரெண்டு பங்கு ஓடைச் சேறு, ஒரு தாள் பத்திரிகை கிழிச்சது, ஒரு தேக்கரண்டி முட்டைக்கோது மா. மேல 3 செ.மீ. ஓடை நீர். முதல் போத்தல் அப்படியே. ரெண்டாவதுக்கு ஒரு தேக்கரண்டி ஜிப்சம். ரெண்டு மாசத்துல ரெண்டாவதுதான் நல்லாக் கறுக்கும், பச்சை, ஊதாப் பட்டைகள் வரும். கடற்சேறு ஏன் கறுப்பு என்று அதுலயே காட்டலாம். மூணாவதுக்கு ஜிப்சத்தோட செம்பு. அதுக்கு மயில்துத்தம் போடாதீங்க, அது செப்புச் சல்பேற்று, கூடவே சல்பேற்றும் ஏறிரும், எதால மாற்றம் வந்தது என்று தெரியாமப் போகும். செப்புக் குளோரைட்டுப் பாவியுங்க. மூடியை இறுக்க வேணாம், வாயு வரும். நேர் வெயிலும் வேணாம், ஜன்னலோரம் போதும். கையுறை போடச் சொல்லுங்க, கான் சேத்துல எலிக்காய்ச்சல் கிருமி இருக்கலாம்.

களனிமுகம்
ஒட்சிசன் மானி கொண்டு போறவங்களுக்கு: காசல்ரீ ஏறக்குறைய 1,100 மீற்றர் உயரத்துல. 20 பாகையில கடல் மட்டத்துல நிரம்பல் லீற்றருக்கு 9.1 மி.கி., அங்கே அது 8 மி.கி.தான். அமுக்கத்தைத் திருத்தாத மானி நல்ல நீரையும் 88 வீதம் என்று காட்டும். அதை வச்சு "ஒட்சிசன் குறைவு" என்று எழுதிராதீங்க.

சேதன அளவு எரிச்சுப் பார்க்கும்போது 105 பாகையில ஒரு இரவு, பிறகு 550 பாகையில 4 மணித்தியாலம். கடற்சேறு என்றால் காயும்போது உப்பு தங்கிரும், அந்த நிறையைக் கழிக்கணும்.

பொகவந்தலாவை_பசுமை
எப்ப எடுக்கிறது? நீர்மட்டம் இறங்கி, மவுசாக்கலைல மூழ்கின பழைய கோயில் எல்லாம் தெரியிற காலத்துல எடுத்தால் படகே தேவையில்லையே?

சேற்றடி
அந்தச் சேறு வேற சேறு தம்பி. காத்துப் பட்டதும் சல்பைட்டு ஒட்சியேறும், பூட்டியிருந்த உலோகம் விடுபடும், வெடிப்பு வழியே ஒட்சிசன் கீழே போகும். நீரடிச் சேற்றோட அதை ஒரே பட்டியல்ல போட ஏலாது.

பெப்ரவரி, மார்ச்சுல நீருக்கு அடியில இருக்கிற இடத்துல ஒரு தடவை. தென்மேல் மழை தொடங்கி முதல் பெருவெள்ளம் போய் ரெண்டு மூணு கிழமைக்குப் பிறகு அதே ஆள்கூறுல இன்னொரு தடவை. வெள்ளம் போன உடனே எடுத்தால் மேல் சென்டிமீற்றர் முழுக்கப் புது மண், அதுல இருக்கிறது தோட்டத்து மண் பற்றீரியா, சேற்றுல குடியிருக்கிறது இல்லை. காசு ஒரு தடவைக்குத்தான் என்றால் மார்ச். கரையோரத்தையும் அதே கிழமையில முடிங்க, கடல் அப்ப படகுக்கு அமைதி.

பொகவந்தலாவை_பசுமை
மார்ச் என்றே வைக்கிறோம். கடிதங்கள் இந்தக் கிழமை போகும். நிலைய ஆள்கூறுகளைப் போட்டதும் இங்கேயே பதியிறேன், ஒருக்காப் பார்த்துச் சொல்லுங்க.

களனிமுகம்
ஆள்கூறோட நீர் ஆழத்தையும் போடுங்க. முகத்துக்கு முன்னால 10 மீற்றர் என்றால் ஒப்பீட்டு இடமும் 10 மீற்றராவே இருக்கணும்.